ஸ்டாண்டுக்கு மணி சொல்லும் பைலி

"இது கியர்பாக்ஸ். இது செல்ஃப். இந்தா, ஊசலாடுது பாரு குட்டிச் சக்கரம், இதுதான் ஸ்டியரிங். இதுல கை வச்சா வண்டி நேரா பள்ளத்துலதான்."

பைலி யாருக்குப் பாடம் எடுக்கிறார் என்று தேடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பாட்டு மேசையில் கைக்கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுதான் இது. மனைவி ரோசிலி அடுப்படியில் மாட்டிறைச்சிக்குத் தேங்காய்க் கொத்து வதக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் காதில் இது விழுவதே இல்லை.

மேசையில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. கழற்றிய வரிசையிலேயே அதில் திருகாணிகள். ஒவ்வொன்றும் கடுகில் பாதி இருக்கும். காற்றில் பறக்காமலிருக்கத் தட்டின் மேல் டீ கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். இடுக்கி ரோசிலியினுடையது, புருவம் திருத்துகிற இடுக்கி. தூசி ஊத ஒரு ரப்பர் பந்து; ரோசிலி வேலை பார்க்கும் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சளி உறிஞ்ச வாங்கியதில் மிஞ்சியது. மூக்கின் மேல் தன்னுடைய கண்ணாடி, அதன் மேல் ரோசிலியின் கண்ணாடி. பூதக்கண்ணாடி வாங்கித் தருகிறேன் என்று அவள் சொன்னபோது, "எதுக்கு? உன் கண்ணும் என் கண்ணும் சேர்ந்தா போதாதா?" என்றார். அன்று அவள் பாட்டுப் பாடிக்கொண்டே மீன் கழுவினாள்.

பைலி கல்பற்றா ஸ்டாண்டிலிருந்து மானந்தவாடிக்கு விடியற்காலையில் முதலில் கிளம்பும் 'மழவில்' பஸ்ஸின் டிரைவர். ஆள் பருமன். விரல்கள் நேந்திரம்பழ அளவில் இருக்கும். அந்த விரல்களை வைத்துக்கொண்டு கடிகாரத்துக்குள் நுழைய நினைப்பதே அசட்டுத் துணிச்சல். ஆனால் மனிதருக்கு ஒரே ஒரு சித்தாந்தம்தான். "லாரியானாலும் சரி, வாட்ச்சானாலும் சரி, எல்லாம் ஒரே மெஷின்தானே!" மிக்ஸியைப் பாழாக்கியதும், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் காப்பாற்றியதும் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான்.

தனியார் பஸ்காரர்களுக்கு நிமிஷம் என்பது சோறு. முன் வண்டி இரண்டு நிமிஷம் தாமதித்தால் வழியில் நிற்கிற ஆளையெல்லாம் அது அள்ளிக்கொண்டு போய்விடும்; பின்வண்டிக்கு வெறும் சீட்டுதான். அதனால் ஸ்டாண்டில் தினமும் யாராவது யாருடைய சட்டையையாவது பிடிப்பார்கள். ஃபோனில் மணி இருக்கிறதே என்பீர்கள். அந்த ஃபோனில் மணியை முன்னும் பின்னும் திருகி வைத்துக்கொண்டு சத்தியம் செய்கிற கண்டக்டர்கள் எத்தனை பேர்! பைலிக்கு அந்த வித்தை தெரியாது. ஒருமுறை தன் வண்டியே தாமதம் என்று தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே சொல்லி, பின்வண்டியை முன்னால் அனுப்பியவர். அன்றிலிருந்து சண்டை முற்றினால் யாராவது ஒருவர், "பைலியைக் கூப்பிடு" என்பார். பைலி மணிக்கட்டைத் திருப்புவார், மணி சொல்வார், சண்டை முடிந்துவிடும். முதலாளியானது போல, பஞ்சாயத்து மெம்பரானது போல ஒரு பெருமை அவருக்கு அதில். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் மணி சொல்லும்போது தொண்டையைச் செருமுவார்.

அது மஸ்கட்டிலிருந்து மைத்துனன் கொண்டுவந்த ஜப்பான் கடிகாரம். கை அசைந்தால் தானே சாவி ஏறிக்கொள்ளும். வளைந்து வளைந்து போகிற சாலையில் கியர் மாற்றும் கைக்கு அது நல்ல ஜோடி. குறை என்னவென்றால், கண்ணாடியெல்லாம் கீறல், இருட்டில் முள் தெரியாது. வெளிநாட்டுக்காரன் ஒருவன் தன் வீட்டு மேசையில் கடிகாரத்தைப் பிரித்து, புது முகம், புது முள் மாட்டுவதைப் பைலி ஃபோனில் பார்த்தார். பேசும் மொழி புரியாததால் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தார். மூன்றாம் தடவை பார்த்து முடித்ததும், "எல்லாம் ஒரே மெஷின்தானே" என்றார். ரோசிலி சிலுவை போட்டுக்கொண்டாள்.

நீல முகப்பும், இருட்டில் பச்சையாக ஒளிரும் முள்ளும், கீறல் விழாத கண்ணாடியும் தபாலில் வந்தன. கண்ணாடியை அழுத்திப் பொருத்த ஒரு கருவி வேண்டும். அதற்குப் பைலி இடியாப்ப உரலை எடுத்துத் துணி சுற்றித் திருகினார். "நாளைக்கு இடியாப்பத்துல கண்ணாடித் தூள் வந்துச்சோ, உங்களையே பிழிஞ்சுடுவேன்" என்றாள் ரோசிலி. கண்ணாடி அழகாக உட்கார்ந்தது. மூடிப் பார்த்தால் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே நீளமாக ஒரு தலைமுடி.

"என் வாட்ச்சுக்குள்ள உனக்கு என்னடி வேலை?"

"அங்கேயாவது நிம்மதியா இருக்கட்டும், விடுங்க."

மறுபடி திறந்தார், ஊதினார், மூடினார். இந்த முறை தூசி. இப்படி ஏழெட்டு முறை. ஒவ்வொரு முறையும் அவருக்குச் சலிப்பு வருவதற்குப் பதில் குஷி கூடிக்கொண்டே போனதுதான் விசேஷம். கடைசியில் எல்லாம் சரியான அன்று விளக்கை அணைத்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து, "வா வா, சீக்கிரம் வா" என்று ரோசிலியையும் உள்ளே இழுத்தார். பச்சை முட்கள் தகதகத்தன.

"கட்டின பொண்டாட்டியைப் போர்வைக்குள்ள கூப்பிட்டு மணி காட்டின மனுஷன் இந்த வயநாட்டுலயே நீங்க ஒருத்தர்தான்" என்று அவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

இதோடு விட்டிருக்கலாம். விட்டால் பைலி இல்லையே. இன்ஜினைத் திறந்த டிரைவர் எண்ணெய் விடாமல் மூடுவானா? அந்த வெளிநாட்டுக்காரன் ஏதோ ஒரு சின்னக் குப்பியிலிருந்து ஏதோ ஒன்றைத் தொட்டு வைத்தான். என்ன எண்ணெய் என்று சத்தமில்லாத படத்தில் எப்படித் தெரியும்? பைலி அடுப்படிக்குப் போய்த் தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்தார். தலைக்கும் அதுதான், மீனுக்கும் அதுதான், கதவு கிரீச்சிட்டாலும் அதுதான், பிள்ளைக்கு அடிபட்டாலும் அதுதான். கடிகாரம் மட்டும் என்ன பாவம் செய்தது? துடைப்பக்குச்சி நுனியால் சக்கரத்துக்குச் சக்கரம் தாராளமாக வைத்தார். பட்டு மாதிரி ஓடியது.

டிசம்பர் வந்தது. பஸ் கண்ணாடியில் பனி வழிய ஆரம்பித்தது. ஒரு நாள் காலை பைலி தன் கடிகாரப்படி மிகச் சரியாக வண்டியை எடுக்கப் போனபோது, 'தென்னல்' பஸ்ஸின் டிரைவர் ஹம்சா வந்து மறித்தான். மழவில்லுக்கு அடுத்த வண்டி தென்னல். ஹம்சாவுக்கு மூக்கின் மேல் கோபம்.

"எட்டு நிமிஷம் லேட்டு, பைலியே! என் ஆளையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போறதுக்கா இந்தப் பச்சை விளக்கு மாட்டின?"

"டேய், என் வாட்ச்சு பொய் சொல்லாது."

ஹம்சா ஃபோனைக் காட்டினான். டீக்கடைச் சுவர்க் கடிகாரமும் ஹம்சா பக்கம் சாய்ந்தது. அடுத்த நாள் ஐந்து நிமிஷம். அதற்கடுத்த நாள் ஆற அமரக் குளித்துவிட்டு வந்தார், பதினொன்று. வேடிக்கை என்னவென்றால், மணியைத் திருத்தி வைத்தால் பகலெல்லாம் அது பிசகாமல் ஓடியது. இரவு கையிலேயே கட்டிக்கொண்டு தூங்கினாலும் ஓடியது. காலையில் ஸ்டாண்டுக்கு வரும்போது மட்டும் பின்தங்கியிருந்தது.

"இனிமே மணிக்கு டீக்கடையைப் பாத்துக்கலாம்" என்றான் ஹம்சா, எல்லோருக்கும் கேட்கும்படி. "பைலிக்கு வாட்ச்சு அழகுக்குத்தான். கல்யாண வீட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போகட்டும்."

அன்று மதியம் இரண்டு கண்டக்டர்கள் மோதிக்கொண்டபோது பைலி பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. அது அவருக்கு வலித்தது. ராத்திரி மீன் கறியைக்கூட இரண்டாம் முறை கேட்டு வாங்கவில்லை.

"டவுன்ல கடை இருக்குல்ல, குடுத்துடுங்களேன்" என்றாள் ரோசிலி.

"குடுக்கலாம். சரியாயிடும். ஆனா கெடுத்தவன் நான்தானே? நான் சரி பண்ணாதான் அவனுங்க மூஞ்சிய பாத்து நான் மணி சொல்ல முடியும்." ரோசிலி இடுக்கியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பின்பக்கத்தை எத்தனையோ முறை திறந்து பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. சக்கரங்கள் அவர் முகத்துக்கு நேரே குறும்பாக ஓடிக்கொண்டிருந்தன.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ரோசிலி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பைலி வழக்கம்போல் இருட்டில் எழுந்து குளியலறைக்குப் போனார். கடிகாரத்தைக் கழற்றிச் சில்லென்ற ஜன்னல் கல்லில் வைத்தார். குளிப்பதில் அவருக்கு அவசரம் கிடையாது. தலைக்கு எண்ணெய் தேய்த்து, அது ஊறி, இரண்டு பாட்டுப் பாடி முடித்த பிறகுதான் தண்ணீர். உள்ளங்கையில் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. குலுக்கினார். தட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். புட்டி முழுக்க வெள்ளையாக உறைந்து கிடந்தது. பனிக்காலம் தொடங்கியதிலிருந்து ரோசிலிதான் தினமும் அவர் எழும் முன்னே புட்டியை அடுப்போரம் வைத்து உருக்கிக் கொண்டுவந்து வைத்தாள் என்பது இத்தனை நாளும் அவருக்குத் தோன்றவே இல்லை.

புட்டியைப் பார்த்தார். ஜன்னலில் கடிகாரத்தைப் பார்த்தார். விநாடி முள் அசையாமல் நின்றிருந்தது. எடுத்து உள்ளங்கைக்குள் பொத்தி வாயால் ஊதினார். கொஞ்ச நேரத்தில் முள் சோம்பலாக நகர்ந்தது.

இடுப்பில் துண்டோடு கூடத்துக்கு ஓடிவந்து ரோசிலிக்கு ஃபோன் செய்தார். "ரோசிலி! வாட்ச்சுக்குக் குளிருதுடி! நான் குளிக்கிற வரைக்கும் அதுவும் உறைஞ்சு நிக்குது!" தூக்கக் கலக்கத்தில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அவள் போட்ட சிரிப்பில் மறுமுனையில் தங்கை வீடே விழித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு பைலி முதன்முறையாக, கை வைக்கக் கூடாத அந்த 'ஸ்டியரிங்'கைத் தொட்டார். தொடங்கும் முன் ரோசிலி ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். சக்கரம் ஒவ்வொன்றையும் கழற்றி, லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் கழுவினார். நடுவில் ஒரு சுருள் கம்பி துள்ளிப் பறந்துவிட்டது. இருவரும் தரையில் மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியிலெல்லாம் துழாவி, கண்ணீர் வருகிற நேரத்தில் ரோசிலி நிமிர்ந்து பார்த்தாள். கம்பி பைலியின் வியர்த்த நெஞ்சு முடியில் தொங்கிக்கொண்டிருந்தது. "அசையாதீங்க" என்று இடுக்கியால் அவளே எடுத்தாள். கோழிக்கோட்டிலிருந்து வந்த கடிகார எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வைத்தார்கள். அன்று முழுக்க அது ஓடவில்லை, திரும்பப் பிரித்தார். மறுநாளும் ஓடவில்லை. மூன்றாவது முறை பூட்டியதும் சட்டென்று உயிர் வந்தது. பைலி ரோசிலியைத் தூக்கிச் சுற்ற முயன்று முதுகைப் பிடித்துக்கொண்டார்.

பரீட்சை ஃபிரிட்ஜில் நடந்தது. ராத்திரி முழுக்க மத்திக்கும் தயிருக்கும் நடுவே கிடந்த கடிகாரம் காலையில் ரோசிலி பால் எடுக்கத் திறந்தபோது ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்டாண்டுல கேட்டா சர்வீஸ் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க" என்று அவள் சத்தியம் வாங்கி அனுப்பினாள். "தேங்காயெண்ணெய் விஷயம் வாயில வந்துச்சோ, சாகிற வரைக்கும் அதுதான் உங்க பேரு."

வாரம் முழுக்க ஹம்சா தன் ஃபோனை மழவில்லின் ஜன்னலுக்கு அருகே நீட்டி, விநாடிக்கு விநாடி ஒத்துப் பார்த்தான். பனி கொட்டிய நாளிலும் பிசகவில்லை. சனிக்கிழமை டீக்கடையில் அவனே கேட்டான்.

"கடையில குடுத்தியா?"

"இல்லடா. வீட்டுல நானேதான். சர்வீஸ் பண்ணேன்."

அங்கேயே நிறுத்தியிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். ஆனால் பைலியின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. அடக்கிப் பார்த்தார். டீ மூக்கில் ஏறியது. இவ்வளவு நல்ல விஷயத்தை ஒரு மனிதன் தனியாக எத்தனை நாள் சுமப்பான்? இடியாப்ப உரலிலிருந்து தொடங்கி, குளியலறை வரை, துண்டோடு ஓடியது வரை நடித்தே காட்டிவிட்டார். டீக்கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஹம்சா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து அழுதான். வண்டிகளுக்கு ஆள் கூப்பிடுகிறவன், "தேங்காயெண்ணெய்ப் பைலி வண்டி மானந்தவாடி, மானந்தவாடி!" என்று அப்போதே கூவத் தொடங்கிவிட்டான்.

பைலி சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். இன்ஜின் உறுமியது. நேரமாகிவிட்டது, கண்டக்டர் மணியடித்துவிட்டான். அப்போது ஹம்சா ஓடிவந்து டிரைவர் பக்கப் படியில் தொற்றிக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினான். எத்தனை நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தானோ.

"நிக்காஹ்வுக்கு மாமனார் போட்டது. ரெண்டு வருஷமா நின்னு நின்னு ஓடுது. கடைக்காரன் கைய விரிச்சுட்டான். எண்ணெய் கிண்ணெய் ஊத்தின, கொன்னுடுவேன்."

பைலி கடிகாரத்தை வாங்கி மெல்ல ஆட்டினார். காதோடு வைத்துக் கண்ணை மூடினார். முகம் சுருங்கியது.

"வண்டி சத்தத்துல ஒண்ணும் கேக்கலடா."

மழவில் கிளம்ப வேண்டிய நிமிஷம் தாண்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஹம்சாவின் வண்டியில் பாதி சீட்டு காலி. ஹம்சா ஜன்னலுக்குள் கையை விட்டு, மழவில்லின் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான்.