சாமி போகும் பக்கத்து மாடி

உங்கள் அம்மா மூச்சுக்குத் தவிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து சங்க விதியை நீட்டினால், அவர் கையைக் கடிப்பீர்களா, மாட்டீர்களா? நான் கடித்தேன்.

அம்மாவின் நுரையீரல் அவுட். ஆக்சிஜன் மிஷின் ஓடினால்தான் ஆள். மலையாள தேசத்தில் இருக்கும் எங்கள் வலியசாலையில் நாலு தூறல் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். ஒரு மத்தியானம் அப்படிப் போனது. எங்கிருந்தோ சிலிண்டர் வந்து சேர்வதற்குள் அம்மாவின் உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. மறுநாளே அப்பா பேட்டரியோடு சோலார் பேனலுக்குச் சொல்லிவிட்டார்.

எங்கள் அக்ரஹாரத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். ஒரு மொட்டைமாடியிலிருந்து அடுத்ததற்குக் காலைத் தூக்கி வைத்தால் போதும். தெருப்பக்க மாடியில் எதுவும் வைக்கக்கூடாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. சாமி புறப்பாடு அந்தத் தெருவில்தான். அவர் தலைக்கு மேலே நம் சாமான் இருக்கக்கூடாதாம். பின்பக்கம் வைக்கலாம். ஆனால் பின்பக்கம் முழுக்கப் பலாமர நிழல். மரம் பக்கத்து வீட்டு மாமாவுடையது. சங்கத்தின் செக்ரட்டரியும் அவரேதான்.

அப்பா கெஞ்சப் போனார். நானும் கூடப் போனேன்.

“புறப்பாடு அன்னிக்குப் பட்டுத் துணி போட்டு மூடிடறேன் அண்ணா.”

“அதொண்ணும் நடக்காது, கேட்டையா. சுவாமி எழுந்தருளற வழியாக்கும் இது.”

“அப்போ உங்காத்து வாட்டர் டேங்க், மாமா? அது மட்டும் சாமி காலுக்குக் கீழயா இருக்கு?”

“எடீ, நீ மிண்டாதே, வாய மூடு! டேங்க் ரூலுக்கு முன்னாடி வெச்சது.”

அப்பா அதற்கு மேல் கெஞ்சவில்லை. வெயில் விழும் தெருப்பக்கத்திலேயே பேனல்களை மாட்டினார். கடைசி போல்ட்டை முறுக்கும்போது மாமா கடப்பாரையோடு சுவரைத் தாண்டி வந்தார். வெற்று மார்பு, மடித்துக் கட்டிய வேஷ்டி. ஒரே குத்து. முதல் பேனல் மண்டை உடைந்த மாதிரி விரிந்தது.

அப்பா அவர் மேல் பாய்ந்தார். இரண்டு பேரும் கண்ணாடித் தூளில் உருண்டார்கள். மாமாவின் மூக்கு தரையில் இடித்து ரத்தம் கொட்டியது. அப்பாவின் முஷ்டியோடு மாமாவின் பூணூல் அறுந்து வந்தது.

மாமா சட்டென்று ஊமையானார். பூணூல் அறுந்தால் புதியது போடும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று எங்கள் தெருவில் ஒரு ஆசாரம். மாமா இதிலெல்லாம் இம்மி பிசக மாட்டார்.

அப்பா விடவில்லை. “இப்போ சொல்லும் ஓய்! வேண்டாம்னு ஒரு வார்த்தை வாயத் திறந்து சொல்லும், இந்த நிமிஷமே கழட்டறேன்!”

மாமா சொல்லவில்லை. கடப்பாரையைச் சுழற்றி அடித்தார். காய்ந்த மட்டை ஒடிவதுபோல அப்பாவின் முன்கை முறிந்தது. மறுபடி ஓங்கினார், இந்த முறை தலைக்கு. நான் அவர் மணிக்கட்டில் பல்லைப் பதித்தேன். வியர்வையும் சந்தனமும் ரத்தமும் கலந்த ருசி. கத்தக்கூட முடியாமல் அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. மறுகையால் என் முடியைப் பிடித்துக் கைப்பிடிச் சுவரில் மோதினார். புருவம் கிழிந்தது. நான் பல்லை எடுக்கவில்லை. கடப்பாரை நழுவித் தரையில் விழுந்தது.

மாமி புதுப் பூணூலோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். மாமா உடைந்த கண்ணாடி மேல் நின்றபடி, மூக்கில் ரத்தம் ஒழுக, மந்திரம் சொல்லி அதைப் போட்டுக்கொண்டார். மந்திரம் முடிந்ததும் மலையாளத்தில் என்னை நாய் என்றார்.

“பட்டி! சங்கிலி போட்டுக் கட்டணும் இதை!”

“அதுக்கும் ரூல் இருக்கா மாமா?” என்றேன், வாயெல்லாம் அவர் ரத்தமாக.

இரண்டு பக்கமும் போலீஸில் கேஸ். மிச்சமுள்ள பேனல்களைக் கழட்டச் சொல்லிச் சங்கத்திலிருந்து ஆள்மேல் ஆள் வருகிறது. கட்டுப் போட்ட கையோடு அப்பா மாடிப்படியை மறித்து உட்கார்ந்துவிடுகிறார்.

இப்போது மழை. தெருவில் கரண்ட் இல்லை. அம்மாவின் மிஷின் ஓடுகிறது.