இன்னும் முத்தலையாம்

லிங்கராஜபுரத்தில் கல்யாணக் கவுன் என்றால் பிரிஜெட் டெய்லர்தான். சும்மா சொல்லக் கூடாது, முப்பது வருஷமாக அந்தப் பங்கில் பாதிப் பெண்கள் அவள் தைத்த வெள்ளையைப் போட்டுக்கொண்டுதான் பீடத்துக்கு நடந்தார்கள். வாயும் சும்மா இருக்காது. "சாமி, உங்க அங்கியில மடிப்பு கோணல்" என்று பங்குத்தந்தையிடமே சொல்கிறவள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நடுங்கினாள். கண் ஆபரேஷன்.

காரணம் அவள் அப்பா அப்பாதுரை. எழுபதுகளில் ஏதோ ஒரு முகாமில் அவருக்குப் புரை எடுத்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, ஒரு வாரம் அசையக்கூடாது என்று படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் இருமல் வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தையல் பிரிந்து கண் போயிற்று. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தது பிரிஜெட்.

தொண்ணூற்றைந்தில் டாக்டர் வெங்கடசுப்ரமணியன் அவள் இடது கண்ணைப் பார்த்துவிட்டு, புரை என்றார். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மங்குவதுதான் புரை, சொட்டு மருந்துக்கெல்லாம் கரையாது, கண்ணாடி மாற்றிக் கொஞ்ச நாள் ஓட்டலாம், அப்புறம் அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைப்பதுதான் வழி என்று பொறுமையாக விளக்கினார். "முன்ன மாதிரி முத்தற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லம்மா. வேலைக்கு இடைஞ்சலா இருந்தா இப்பவே பண்ணிடலாம்."

வீட்டுக்கு வந்து புருஷன் ஆம்ப்ரோஸிடம் அவள் சொன்னது வேறு. "இன்னும் முத்தலையாம். முத்தினப்புறம் பாத்துக்கலாம்னுட்டார்."

பச்சைப் பொய். ஆனால் யாரும் சந்தேகப்படவில்லை, ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் பென்ஷன் வாங்குகிற சாது. மாசத்துக்கு ஒரு தரம், பலாப்பழத்தை விசாரிக்கிற மாதிரி, "முத்திடுச்சா?" என்பார். "இன்னும் இல்ல" என்பாள். செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்குப் போய் ஒரு ஜோடி வெள்ளிக் கண் வாங்கிக் காணிக்கை போட்டாள். அவள் கேட்டது வெறும் பார்வை இல்லை, கத்தி படாத பார்வை. மாதா என்ன செய்வாள், பாவம்.

இரண்டு வருஷத்தில் இடது கண் பனிமூட்டமாகிவிட்டது. வலது கண்ணிலும் உலகம் லேசாக மஞ்சளடிக்கத் தொடங்கியது. ஒரு நாள் தூய வெள்ளைச் சாட்டின் கவுனுக்கு க்ரீம் கலர் லேஸ் வைத்துத் தைத்துவிட்டாள். அவளுக்கு இரண்டும் ஒரே நிறம். கல்யாணப் பெண்ணின் அம்மா ஐரின் அதை வெயிலில் பிரித்துப் பார்த்து, "என்னக்கா, டீ கொட்டின மாதிரி இருக்கு?" என்றாள். "இப்ப அதான் ஃபேஷன்." வாய் இருந்தது, பிழைத்தாள். ஐரின் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதாவது டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், கரண்ட் போயிருந்த நேரம், இடது கண்ணுக்குப் பின்னால் வலி கிளம்பியது. மண்டையே பிளக்கிற வலி. மற்றக் கண்ணை மூடிப் பார்த்தாள், மெழுகுவத்தியைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் மட்டும் தெரிந்தது. வாந்தி எடுத்தாள். "பித்தம்" என்று ஆம்ப்ரோஸ் இஞ்சிச்சாறு கொடுத்தார். பித்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் குடித்தாள். மறுநாளும் அதே சாறு. மூன்றாம் நாள் காலையில் கண் ரத்தமாய்ச் சிவந்து, பாப்பா மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக நின்றது. ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆம்ப்ரோஸ் ஆட்டோ பிடித்தார்.

டாக்டர் முகம் மாறிவிட்டது. "புரை முத்தி ஊதிப்போச்சு. உள்ள ஊறுற தண்ணி வெளிய போக வழியில்லாம கண்ல பிரஷர் ஏறியிருக்கு. முதல்ல அதை இறக்கணும், அப்புறம்தான் ஆபரேஷன். நரம்பு எவ்வளவு கெட்டிருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. இவ்வளவு நாள் காத்திருக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதானே சார்" என்றார் ஆம்ப்ரோஸ், மரியாதையாகத்தான். "முத்தட்டும்னு."

டாக்டர் பிரிஜெட்டைப் பார்த்தார். 

"அவர் சொல்லலைங்க. நானாத்தான் அப்படிச் சொன்னேன். பயமா இருந்துச்சு."

ஆம்ப்ரோஸ் திட்டியிருந்தால் தேவலை. தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் பயம்தான்மா" என்றார். "அதான் நானும் அதுக்கு மேல கேக்கல."

இரண்டு நாள் கழித்து மேஜையில் படுக்க வைத்தார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி. முகத்தை மூடிப் பச்சைத் துணி. "அலுகாடபேடி அம்மா" என்று நர்ஸ் கன்னடத்தில் சொல்லித் தலையை அழுத்திப் பிடித்தாள். அசையாதே. அதே வார்த்தை. பிரிஜெட்டுக்குத் தொண்டையில் அரித்தது. மாதாவே, இருமல். அடக்கினாள். வேர்த்துக் கொட்டியது. போச்சு, அப்பா மாதிரியே போகப் போகிறேன் என்று நினைத்தாள்.

"சார்," என்றாள் கடைசியில், குரலே எழும்பாமல். "இருமல் வருது."

"ஒரு நிமிஷம். கையை எடுத்துட்டேன். இப்ப இருமிக்குங்க."

இருமினாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் மறுபடி வேலையைத் தொடர்ந்தார். அவ்வளவுதான். அப்பாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லையே என்று துணிக்கு அடியில் அழுகை முட்டியது. அழக்கூட பயமாக இருந்தது.

கட்டுப் பிரித்தபோது டாக்டரின் விரல்கள் தெரிந்தன. மூன்று என்றாள். சரி. சட்டை வெள்ளை என்றாள். அதுவும் சரி. ஆனால் நடுவில் மட்டும்தான் வெளிச்சம், ஓரமெல்லாம் இருட்டு.

"அது திரும்பாதும்மா. நரம்பு போனது போனதுதான்."



"வலது கண்ணு?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"அதுலயும் இருக்கு. இது ஆறினதும் பண்ணிடலாம்." டாக்டர் பிரிஜெட் பக்கம் திரும்பினார். "எப்ப வச்சுக்கலாம், சொல்லுங்க."

அவள் புருஷன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தேதியை இவர்கிட்ட சொல்லுங்க சார்" என்றாள். "என்கிட்ட சொன்னா, வீட்டுக்குப் போய் மறுபடி பொய் சொல்லிடுவேன்."