கடைசித் தலை

வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மந்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வயதில் அம்மா கொடுத்த பட்டம் அது. மற்ற பிள்ளைகள் சைக்கிள் கேட்டுத் தரையில் புரண்டு அழுகிற வயதில், இவள் ஒரு வார்த்தை கேட்காமலே சைக்கிளை வீட்டுக்கு வரவழைத்தாள். எப்படி என்று தெரிய வேண்டுமானால் முதலில் அப்பாவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவுக்குக் கடைத்தெருவில் சலூன். இரண்டு சுழல் நாற்காலிகள், சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஆள் தங்கமானவர். ஒரே ஒரு பலவீனம்தான். நாள் முழுக்க எத்தனை பேர் வந்து என்னென்ன பேசினாலும், கடைசியாகத் தலையைக் கொடுத்தவர் சொன்னதுதான் அவர் மனதில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கூட்டுவதும் பூட்டுவதும்தானே வேலை! அந்தப் பேச்சு கலையாமல் வீடுவரை கூடவே வந்துவிடும். அதனால் அவர் செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்பாள்: "இன்னைக்குக் கடைசித் தலை யாரு?"

முதுகுவலிக்காரர் என்றால் அன்று எல்லாரும் தரையில் படுக்க வேண்டும். வீட்டுத் தரகர் என்றால் வீடு மாற வேண்டும். நல்லவேளையாக, மறுநாள் வேறொருவர் வந்து உட்காருவார், வீடு பிழைக்கும்.

பத்து வயது மந்திரி செய்ததெல்லாம் இவ்வளவுதான். சைக்கிள் கடைக்காரரிடம் போய், "மாமா, உங்களுக்கு முடி ரொம்ப வளர்ந்திருக்கு. கடை மூடுற நேரத்துக்குப் போங்க, கூட்டமே இருக்காது" என்றாள். அந்த வாரமே வாசலில் சைக்கிள் நின்றது.

இந்தச் சாமர்த்தியத்தை வைத்துக்கொண்டு அவள் பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

மகளை என்ன படிக்க வைப்பது என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தார். கழுத்தில் துணி கட்டி உட்காரவைத்துவிட்டால் அவர்களும்தான் எங்கே ஓடுவார்கள்? வங்கிக் காசாளர் வந்த அன்று வணிகவியல். மருந்துக் கடைக்காரர் வந்த அன்று மருந்தியல். யாரோ ஒருவர் சொத்தைப் பல்லோடு வந்துவிட்டார், அன்று பல் மருத்துவம்.

"ஊர்ல எல்லார் வாயிலயும் பல் இருக்கும்மா. யோசிச்சுப் பாரு" என்றார் அப்பா.

"நாளைக்கு ஒரு திருடன் வந்து உட்காராம இருக்கணும்" என்றாள் அம்மா.

மந்திரி சிரித்துக்கொண்டே, "பார்க்கலாம்பா" என்று சொல்லி வைப்பாள். அவளுக்கு வேண்டியது நிலவியல். கல்லும் பாறையும்! சின்ன வயதிலிருந்தே கண்ட கல்லையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அம்மாவின் துவைக்கும் இயந்திரத்தைக் கடகடவென்று அலற வைத்தவள். கையில் கிடக்கிற ஒரு துண்டுக் கல் மனிதர்கள் பிறப்பதற்கு முன்பே இருந்தது என்று நினைத்தால் அவளுக்குச் சாப்பாடே மறந்துவிடும். அந்தப் படிப்பு இருக்கிற கல்லூரியோ ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரத்தில் இருந்தது. விடுதியில் தங்க வேண்டும். விண்ணப்பத்தில் பெற்றவர் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கலாம்தான். அப்பா சரி என்பார், மறுநாள் யாராவது வந்து அந்தச் சரியைத் துடைத்துவிட்டுப் போவார். அதுகூடப் பரவாயில்லை. அவ்வளவு தூரமா என்று அவர் முகம் வாடிவிட்டால்? அதை எதிரில் நின்று பார்க்கிற தைரியம் மந்திரிக்கு இல்லை.

அதனால் பழைய வழிக்கே போனாள். பாறையைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லக்கூடிய ஒரு தலை வேண்டும். தெருத்தெருவாக யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒருவர்தான் தேறினார். பள்ளியில் புவியியல் நடத்தும் வாத்தியார். என்ன பிரச்சினை என்றால், அவர் தலையில் ஒரு முடி கிடையாது.

"எனக்கு வெட்டிக்க என்னம்மா இருக்கு?" என்றார் வாத்தியார், அவள் திட்டத்தைக் கேட்டுவிட்டு.

மந்திரி அவருடைய தாடியையே பார்த்தாள். நெஞ்சுவரை தொங்குகிற தாடி, அவருக்கு இருந்த ஒரே பகட்டு. வாத்தியார் சட்டென்று அதைக் கையால் மூடிக்கொண்டார்.

"சார், நாளைக்கு வியாழக்கிழமை. அடுத்த நாளோட விண்ணப்பம் முடியுது" என்றாள், அழாத குறையாக.

வாத்தியார் மெல்லத் தாடியிலிருந்து கையை எடுத்தார். "இத்தனை வருஷத்துல பாறை படிக்கணும்னு சொன்ன முதல் ஆள் நீ" என்றார். தாடி அந்த நிமிடமே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம், துண்டு மடிக்கிற சாக்கில் மந்திரி சலூனில் உட்கார்ந்திருந்தாள். கடை மூடுகிற நேரத்துக்கு வாத்தியார் வந்தார். "எடுத்துடுங்க" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. அப்பா அவரை ஒரு தடவை பார்த்தார், மகளை ஒரு தடவை பார்த்தார், நீளத்தைக் கத்தரித்து நுரை பூசினார்.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தப் பூமிக்கு அடியில பார்த்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"சார், பேசாதீங்க. கத்தி" என்றார் அப்பா.

மந்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. முடி வெட்டிக்கொள்கிறவன் பேசுவான். சவரம் செய்துகொள்கிறவன் எப்படிப் பேசுவான்? சலூன்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு, வாய்க்குப் பக்கத்தில் கத்தி இருக்கும் என்பது தோன்றாமல் போயிற்று. வாத்தியார் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டார். அப்பாவோ வழக்கத்துக்கு மாறாக ஆற அமரச் சிரைத்தார்.

ஒருவழியாக முடிந்தது. வாத்தியார் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே யாரோ ஒரு அந்நியன் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு மோவாயே இல்லையா?" என்றார் ஈனக்குரலில்.

அதோடு நிலவியல் அவர் நினைவிலிருந்தே போய்விட்டது. கன்னத்தைத் தடவிக்கொண்டே எழுந்தவர், வாசலில் நின்று, "பாறை... நல்லதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார்.

அப்பா கதவைச் சாத்தினார். பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"அந்தத் தாடியை மனுஷன் பிள்ளை மாதிரி வளர்த்தாரு. உனக்காகத்தானே எடுத்தாரு? என்ன வேணும் உனக்கு, சொல்லு."

மறைக்க இனி ஒன்றும் இல்லை. மந்திரி எல்லாவற்றையும் சொன்னாள். கல், கல்லூரி, ரயில், விடுதி, வெள்ளிக்கிழமை. பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கடைக்கு வந்த எல்லாரையும் கேட்டேன். உன்னைத்தான் கேட்கல" என்றார் கடைசியில். "எனக்குத் தெரியாதும்மா. நம்ம வீட்ல யாரு காலேஜ் வாசலை மிதிச்சா? தப்பா ஏதாவது சொல்லி உன்னைக் கெடுத்துடுவேனோன்னு பயம். அதான் தெரிஞ்சவங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு வந்து உன்கிட்ட சொன்னேன்."

மந்திரிக்குச் சுருக்கென்றது. காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவர் என்று அம்மாவும் அவளும் சேர்ந்து எத்தனை தடவை சிரித்திருப்பார்கள்! இந்த மனிதர் மகளுக்காக ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"படிச்சு முடிச்சிட்டு இங்கயே வந்துடுவியா?" என்று கேட்டார் அப்பா.

வருவேன் என்று சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. வாய்வரை வந்தது.

"தெரியலப்பா" என்றாள். "லீவுக்கெல்லாம் வருவேன். ஆனா வேலை எந்த மலைக்குக் கூப்பிடும்னு சொல்ல முடியாது. மொத்தமா வருவேனான்னு எனக்குத் தெரியல."

அப்பாவின் முகம் வாடியது. எந்த முகத்துக்குப் பயந்து இத்தனை நாடகம் ஆடினாளோ அதே முகம். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"வந்துடுவேன்னு நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்" என்றார்.

"தெரியும்பா. அதான் சொல்லல."

அப்பா மேஜையில் பேனாவைத் தேடி எடுத்தார். எங்கே போட வேண்டும் என்று கேட்டு, அவள் விரல் வைத்த இடத்தில், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மந்திரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவும்தான் அழுதார்.