முரசுமோட்டை விதைநெல் வழக்கு

கம்பனி வழக்கு என்றால் என்னிடம் வருகிறார்கள். பங்காளிச் சண்டை, ஒப்பந்த மீறல், காப்புறுதி எல்லாம் பேசியாகிவிட்டது. கிளிநொச்சியில் இருந்துகொண்டு கொழும்புச் சட்டத்தரணிகளைத் தோற்கடித்திருக்கிறேன். ஆனால் என்னைப் பாராட்டுகிறவர்கள் இந்த விதைநெல் வழக்கைத்தான் சொல்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

வழக்குப் போட்டவர் முரசுமோட்டையில் ஒரு பெண். கணவர் இல்லை, வயல் மட்டுமே. கம்பனி விற்ற விதைநெல்லில் வேறு இனம் கலந்திருந்தது, மாரி மழைக்கு விதைக்கும் காலபோகத்தில் பாதி முற்றி உதிர மீதி பச்சையாக நின்றது என்பது அவருடைய முறைப்பாடு. அவர் வென்றால் அதே விதையை விதைத்த மற்றவர்களும் வழக்குப் போடலாம். தோற்றால் எல்லோருக்கும் அதோடு சரி. நான் கம்பனிக்காக நின்றேன். விதை கலப்படம்தான் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் அவர், நான் அல்ல.

கம்பனியின் விவசாய நிபுணர் மண்ணையும் மழையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஒன்றுக்கும் உதவாது. எனக்கு உதவிய கேள்வி என் வீட்டிலிருந்து வந்தது. என் அப்பாவும் அந்தப் பக்கத்துக் கமக்காரன்தான். விதைத்த வயலில் முளைக்காத இடம் இருந்தால், அயல் வயலில் நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கி வந்து நடுவோம். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். என்ன இனம் என்று விசாரிப்பதும் இல்லை.

சாட்சிக் கூண்டில் அவர் என்னைத் தங்கச்சி என்றே கூப்பிட்டார். நீதிபதி திருத்தியும் அவர் அதை விடவில்லை. முளைக்காத இடங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பக்கத்து வயல் அண்ணையிட்டக் கேட்டுப் பிடுங்கி நட்டனான்."

"அது என்ன நெல்?"

"அதை ஆர் கேக்கிறது தங்கச்சி? நாத்துத் தாற மனிசனிட்ட விசாரணையே வைக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். வேறு இனம் விதைப்பையிலிருந்து வந்ததா, அயல் வயலிலிருந்து வந்ததா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. கொஞ்ச நாற்றுத்தான் நட்டார் என்று அவருடைய சட்டத்தரணி எவ்வளவோ வாதாடினார். வழக்குத் தள்ளுபடியானது. மற்றவர்கள் ஒருவரும் நீதிமன்றப் பக்கம் வரவில்லை.

நடவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவருக்குப் பொய் சொல்லத் தோன்றவே இல்லை. தோன்றாது என்று நம்பித்தான் கேட்டேன். இதைத்தான் கெட்டித்தனம் என்கிறார்கள்.

அடுத்த காலபோகத்தில், அப்பாவின் வயலை இப்போது செய்கிற என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருடைய வயல் திட்டுத் திட்டாக வெறுமையாகக் கிடந்தது. ஏன் நடவில்லை என்று கேட்டேன். அயலில் இரண்டு பேரிடம் கேட்டதாகவும் இருவரும் நாற்றுத் தரவில்லை என்றும் சொன்னார்.

"நாளைக்கு வழக்கு எண்டு வந்தாத் தங்களையும் கூண்டில ஏத்துவினமாம். அந்த மனிசியைக் கூண்டில வச்சு ஆர் மடக்கினது எண்டும் அவைக்குத் தெரியும். என்ர முகத்துக்கு நேர சொல்லேல்லை, அவ்வளவுதான்."

அந்த இடங்களில் அறுவடை வரைக்கும் ஒன்றும் நடப்படவில்லை.