பாக்கியம் அக்கா வெட்டிக் கொடுத்த சத்தங்கள்

பாக்கியம் அக்கா இறந்த செய்தி எங்களுக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை வந்தபோது அது செய்தி என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

கூலிம் நகரில் நாங்கள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கதவுக்கு வெளியே இருக்கும் நீலக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அன்று காலை அந்தக் கூடையில் முதலில் வாத்துகள் கத்தியிருக்கின்றன. பிறகு குக்கர் விசில் அடித்திருக்கிறது. பிறகு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் முக்கி முனகிக் கிளம்பியிருக்கிறது. அக்கா காய்ச்சல் என்று விடுப்பில் இருந்ததால், கதவோரம் அவருடைய நாற்காலியில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். இயந்திர இரைச்சலில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது.

ஓய்வு நேரத்தில் நாங்கள் வெளியே வந்தபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "என்னக்கா உங்க கூடை? வாத்து கத்துது, குக்கர் கூவுது. யாரோ சும்மா வெளையாடுறாங்கன்னு நெனச்சேன்லா."

ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்தோம். எடுக்கப்படாத அழைப்பு என்று எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருந்தது. நான் அக்காவைத் திருப்பி அழைத்தேன். நெடுநேரம் அடித்த பிறகு பக்கத்து வீட்டு அம்மா எடுத்தார். "நெஞ்சு வலிம்மா. கதவு தெறந்து கெடந்துச்சு, போய்ப் பாத்தேன். கையில போன வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. முடிஞ்சிருச்சும்மா."

செய்தி இரண்டாம் முறை வந்தது அப்படித்தான்.

எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அந்த வாத்தும் குக்கரும் தெரியும். அக்காவை வேறு வழிகளில் அறிந்த உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கூடையில் இருந்த கைப்பேசிகள் எல்லாம் ஒரே மாதிரி அடித்தன. வாங்கியபோது என்ன சத்தம் இருந்ததோ அதுவேதான். கதவோரம் உட்கார்ந்து கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. அடிப்பது அவருக்குத்தான் கேட்கும். யாருடையது என்று தெரியாமல், ஏதோ ஒன்று அடிக்கிறது என்று மட்டும் வந்து சொல்வார். பிள்ளை குட்டிக்காரிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுவார்கள். சூப்பர்வைசர் கத்துவார். இனி யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று ஒருநாள் அவர் சொல்லிவிட்டபோதுதான், ஒவ்வொருவருக்கும் தனி ரிங்டோன் வைக்கும் இந்த வேலையில் அக்கா இறங்கினார்.

முதலில் ஆளுக்கொரு பாட்டை வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பிடித்த பாட்டு ஒன்றாகவே இருந்ததால் குழப்பம் இன்னும் கூடியது. "பாட்டு ஊருக்கே பொதுவுலா. உங்க வீட்டுல மட்டும் கேக்குற சத்தமாக் கொண்டாங்க" என்றார் அக்கா. அப்படித்தான், யான் என்ற ஊரில் வயலோரம் வீடு உள்ள மலாய்க்கார அக்கா காக் நோர் தன் வாத்துகளைப் பதிவு செய்து வந்தார். மாலா தன் குக்கர் விசிலைக் கொண்டு வந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் மேசையில் அக்காவின் வேலை நடக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிவை ரிங்டோனாக வைக்கப் பல கைப்பேசிகள் ஒத்துக்கொள்ளாது. அதை வேறு வகைக் கோப்பாக மாற்றி, தொடக்கத்தில் இருக்கும் வெறும் இரைச்சலை வெட்டி, சத்தத்தைக் கூட்ட வேண்டும். மாலாவின் விலை உயர்ந்த கைப்பேசி அதற்கும் மசியாது. "இது மாமியா மாதிரி. நேராச் சொன்னா கேக்காது, சுத்தி வளைச்சுத்தான் போகணும்" என்பார். மாலா, "என் மாமியாளுக்குக் கேட்டுறப் போகுதுக்கா" என்பாள். எதை வெட்டினாலும் அக்கா பிடிவாதமாக இருந்தது ஒன்றில்தான். "மொத செகண்ட்லயே ஆள் தெரியணும். ரெண்டாவது செகண்ட்ல தெரிஞ்சா லேட்டு."

நான் சத்தம் எதுவும் கொடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தோடு ஒதுங்கி உட்காருவது என் வழக்கம். என் வீட்டுச் சத்தம் ஊர் கேட்பதற்கு எதற்கு என்று இருந்தேன். அக்கா ஒருநாள் எதிரே வந்து உட்கார்ந்தார். "வீட்டுக் கதையச் சொல்ல வேணாம்மா. ஒரு சத்தம் குடு, போதும். கரங்கான்ல அப்பா தனியாத்தானே இருக்காரு?"

அவர் அதைத் தெரிந்து வைத்திருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. வார இறுதியில் அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பதிவு செய்து வந்தேன். அது ஒரே உதையில் கிளம்பியதே இல்லை. அக்கா கேட்டுவிட்டு, கிளம்பாத உதைகளை அப்படியே விட்டுவிட்டார். "கெளம்புறதுதான் எல்லா வண்டிக்கும் ஒண்ணு. கெளம்பாம இருக்குறதுதான் உங்கப்பாவோடது."

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் அவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "போம்மா, அப்பா வண்டிய ஒதைக்கிறாரு." சூப்பர்வைசர் ஏதோ சொன்னார். அக்கா அவருக்கும் எனக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். நான் ஓடிப்போய் எடுத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. பேச்சு குழறியது. பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து ஓடச் சொன்னேன். அவர் போய்ச் சீனித்தண்ணீர் கொடுத்தபோது அப்பா தரையில் சாய்ந்திருந்தாராம்.

நான் திரும்பி வந்ததும் அக்கா கையுறையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஸ்டார்ட் ஆயிருச்சா?"

"ஆயிருச்சுக்கா."

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நன்றி என்ற சொல்லை நான் சொன்னதாகவும் நினைவில்லை.

அவருடைய கைப்பேசியில் மட்டும் கடையில் வாங்கியபோது இருந்த சத்தமே இருந்தது. மாலா கேட்டதற்கு, "என்னுது அடிச்சா நான்தானே பக்கத்துல இருக்கேன். எனக்கு எதுக்கு?" என்றார்.

அன்று காலை அவர் எங்களை ஒவ்வொருவராக அழைத்தபோது, கூடையில் எந்தச் சத்தம் கேட்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். வாத்து. எழுந்து வர ஆள் இல்லை. குக்கர். அப்புறம் அப்பாவின் வண்டி. ஜொகூரில் இருக்கும் மகளையும் அழைத்திருக்கிறார். அவளும் வேலையில் இருந்தாள். நாங்கள் எடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று யாரும் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் துணிவு வரவில்லை.

சாவு வீட்டில், அக்காவைக் குளிப்பாட்டி வைத்திருந்தபோது, காக் நோரின் கைப்பைக்குள் வாத்துகள் கத்தின. அவர் பதறிப்போய்ப் பையைக் கட்டி அணைத்து அமுக்கினார். அழுதுகொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அமுக்காதீங்க காக். அம்மா செஞ்சதுதானே." காக் நோர் பையைத் தளர்த்திப் பிடித்தார், வாத்துகள் கத்தி முடித்தன.

அக்காவின் குரல் எங்கள் யாரிடமும் பதிவாக இல்லை. அவர் எங்களுக்கு வெட்டிக் கொடுத்தவை எல்லாம் எங்கள் வீட்டுச் சத்தங்கள். என் கைப்பேசியில் அவருடைய எடுக்கப்படாத அழைப்பு அழிக்கப்படாமல் இருக்கிறது. கதவோர நாற்காலியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் வாரம் எல்லாச் சத்தத்துக்கும் திடுக்கிட்டேன்.

நேற்று குக்கர் விசிலின் தொடக்கம் மட்டும் காதில் விழுந்தது. கையிலிருந்த கையுறையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். அவரைக் கடந்து மாலாவிடம் போய், "போ, உன்னோடதுதான்" என்றேன்.