ஓட்டல் அக்காவுக்குச் சாட்சி

இன்றைக்கும் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எனக்குப் பயம். கையில் கரண்டி இருந்தால் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவேன். இத்தனை வருடம் போர்ட் பிளேயரில் குப்பை கொட்டியும் இந்தப் பயம் போகவில்லை. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்த ஊரில் பத்துபஸ்தி என்கிற பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பஜாரில் இட்லி ஓட்டல் நடத்தியவள். புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை. தகரக் கூரை போட்ட அந்த மரவீட்டை அடுப்புப் புகையில் வெந்துதான் கட்டினாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றிய சங்கம் ஒன்று எங்கள் தெருக்கோடியில் ஒழுகும் வாடகைக் கொட்டகையில் இருந்தது. தன் காலத்துக்குப் பிறகு வீடு அந்தப் பிள்ளைகளுக்கே என்று அக்கா உயில் எழுதினாள். சாட்சிக் கையெழுத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. உயிலைத் தொட்டால் எமனுக்குச் சொல்லி அனுப்பின மாதிரி என்று எல்லோரும் நழுவினார்கள். சர்க்கார் ஆள் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம் என்று நம்பி, என் கணவருடைய ஆபீஸ் ஓவர்சியரைக் கூட்டிவந்தாள். இரண்டாவது ஆளாக என்னைக் கூப்பிட்டாள். நானோ கரப்பான் பூச்சிக்கே அலறுகிறவள். என்னை ஏன் அக்கா என்று கேட்டேன்.

"நீ பயந்தாங்கொள்ளி. பயந்தவளுக்குப் பொய் சொல்லத் தைரியம் வராது, தங்கச்சி" என்றாள்.

சர்க்கார் ஆளை நம்பியதுதான் தப்பாகிவிட்டது. இந்தத் தீவில் சர்க்கார் ஆட்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்கு மெயின்லேண்டில் இருப்பார்கள். ஓவர்சியர் மாற்றலாகிப் போய், போன இடத்தில் இறந்தும் போனார். பிறகு அக்காவும் கண்ணை மூடினாள். அடுத்த கப்பலிலேயே அவள் கொழுந்தன் வந்து இறங்கி, மிரட்டி எழுதி வாங்கிய உயில் என்று வழக்குப் போட்டார். அவள் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் கண்ட சாட்சி ஒருவராவது கோர்ட்டில் சொன்னால்தான் உயில் நிற்குமாம். மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். எங்களுக்கும் அப்போது மாற்றல் வந்து, மெட்ராஸ் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

கொழுந்தன் தினமும் எங்கள் வேலியோரம் வந்து நின்றார். திட்டவில்லை, கத்தவில்லை. ஒருநாள் வேலிக்கு மேலாகக் கை நீட்டி, என் இடுப்பிலிருந்த குழந்தையின் கன்னத்தைத் தடவினார்.

"கப்பல்ல சூதானமா போங்கம்மா. கடல் பெருசு."

அதற்குப் பிறகு குழந்தையை இடுப்பைவிட்டு நான் இறக்கவேயில்லை. "சலோ, போயிடலாம், நமக்கெதுக்கு வம்பு" என்றார் கணவர். எனக்கும் ஓடிவிடத்தான் ஆசை. ஆனால் மழைக்கு அந்தப் பிள்ளைகள் கொட்டகையின் ஒரே மூலையில் ஒண்டி நின்றதைப் பார்த்துத் தொலைத்திருந்தேன். விசாரணையும் கப்பல் புறப்படுவதும் ஒரே நாளில் வந்தன. புது இடத்தில் அவர் வேலையில் சேர்ந்தாக வேண்டும். பாவி மனுஷனைத் தனியாக அனுப்பிவிட்டு, குழந்தையோடு நான் மட்டும் இங்கே நின்றேன்.

கூண்டில் ஏறியதும் கால் வெடவெடத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கும் இப்படி நடுங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டீர்களா என்று இந்தியில் கேட்டார்.

"அன்னைக்குப் பயமே இல்லீங்க. இப்பத்தான் பயம். அவரு நிக்கிறாரே" என்று கொழுந்தனைக் கை காட்டினேன்.

ஜட்ஜ் பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அப்போது கப்பல் ஊதியது. நாங்கள் ஏறியிருக்க வேண்டிய கப்பல். என் கணவர் அதில் போய்க்கொண்டிருந்தார், நான் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

உயில் நின்றது. நானும் அடுத்த கப்பலில் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். சில வருடம் கழித்து மாற்றல் எங்களை இதே தெருவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. இப்போதும் கப்பல் ஊதினால் நான் அடுப்படியில் உறைந்து நிற்கிறேன். பக்கத்தில் அக்காவின் வீட்டிலிருந்து சங்கத்துப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து கை தட்டுகிறார்கள். அதுகளுக்கு என்ன பயம், வீடு இருக்கிறது.