பச்சையாகத் தெரிந்த வயல்

அலுவலகத்தில் அவளைப் ‘பச்சை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். செயற்கைக்கோள் அனுப்பும் நிலப்படங்களைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, பயிர் நலமா, வாடியதா என்று பொத்தானை அழுத்துவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே நாற்காலி. கட்டத்துக்கு நாலு விநாடி. மழை பொய்த்த வருஷத்திலும் ஆழ்துளைக் கிணறு போட வசதியுள்ளவன் கட்டம் பச்சையாக நிற்கும். பக்கத்துக் கட்டம் சருகாகக் கிடக்கும். ஆரம்பத்தில் அதைப் பார்த்து மனசு அடித்துக்கொண்டது. பிறகு மரத்துப்போய்விட்டது. நமக்கென்ன வந்தது என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஊரிலிருந்து தம்பி போன் செய்தான்.

“அக்கா, வறட்சிப் பட்டியல்ல நம்ம வயல் இல்லையாம். மழையில்லாம விதைச்சதெல்லாம் கருகிப்போச்சு. கேட்டா, படத்துல பச்சையா இருக்குங்கறாங்க.”

“பச்சையாவா? எப்படிடா?”

“மேட்டுல புதுசா சாயப்பட்டறை வந்துச்சில்ல, அந்தக் கழிவுத் தண்ணி நம்ம வயல்லதான் வந்து நிக்குது. கோரை இடுப்புயரம் வளந்து கெடக்கு. மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிடுது. பட்டியல்ல இருந்தாத்தான் விதை தருவாங்க. இன்னிக்குச் சாயங்காலம் பட்டியலை மூடிடுவாங்களாம். இதுவும் போச்சுன்னா நான் விவசாயத்தையே விட்டுடணும்க்கா.”

வயல் எண்ணைப் போட்டுத் தேடினாள். பளபளவென்று பச்சை. ‘பயிர் நலம்.’ கீழே, பார்த்தவர் எண் என்ற இடத்தில் அவளுடைய எண்ணே இருந்தது.

அவள் ஓடி விளையாடிய வயல். மேலிருந்து பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

திருத்துவதற்குத் தரையில் எடுத்த படம் வேண்டும். தம்பியிடம் கேட்டாள். அவனோ யார் கேமராவை நீட்டினாலும் பல்லைக் காட்டுகிற ஆள். இடுப்பளவு பச்சைக்கு நடுவில் நின்று, ஈயென்று சிரித்தபடி ஒரு படம் அனுப்பிவைத்தான்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “அமோகமாத்தானே விளைஞ்சிருக்கு? ஆளும் சந்தோஷமா இருக்காரே.”

“அது கோரை சார். பயிரில்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் தம்பி வயல் சார்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தன் உறவினர் நிலத்தின் கட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. புதிதாகச் சேர்பவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுபவளே அவள்தான்.

“அப்போ நீங்க சொல்றது செல்லாதும்மா,” என்றார் மேலாளர், வருத்தத்தோடுதான். ஐந்து மணிக்குப் பட்டியல் போய்விட்டது.

தம்பி சத்தம் போடவில்லை. “சரி, விடுக்கா,” என்றான். போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் அழுகையாவது வந்திருக்கும். அடுத்த மாதமே சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

“என்ன வேலைடா?”

“தண்ணி தெறந்து விடுற வேலைக்கா. நம்ம வயல் பக்கம்தான்.”

அடுத்த பருவத்தில் அந்தக் கட்டம் மறுபடி அவள் திரையில் வந்தது. இந்தத் தடவை பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முன்னைவிடப் பச்சை. ‘வாடியது’ என்று அழுத்தினால், நிறம் ஒத்துவரவில்லை என்று கணினியே திருப்பிவிடும். விதிப்படி வேறொருவரிடம் தள்ளினால், அவரும் பச்சையைத்தான் பார்ப்பார்.

நாலு விநாடி ஆகிவிட்டது. ‘பயிர் நலம்’ என்று அழுத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.